படம் ஒரு பக்கம், விளக்கம் ஒரு பக்கம்: திரையில் தொழில்நுட்ப ஆவணம் படிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"படம் 7-இல் உள்ளபடி, மூன்றாம் வால்வைத் திறந்தால் திரவம் மேல் அறைக்குச் செல்லும்." இப்படி ஒரு வரி வருகிறது. படம் 7 நான்கு பக்கம் முன்னால் இருக்கிறது. மேலே ஸ்க்ரோல் செய்கிறீர்கள், மூன்றாம் வால்வு எது என்று பார்க்கிறீர்கள், கீழே வருகிறீர்கள். விட்ட வரி எங்கே? அதைத் தேடிப் பிடித்தால் அடுத்த வரி, "அப்போது ஐந்தாம் வால்வு மூடியிருக்க வேண்டும்" என்கிறது. மறுபடி மேலே. நான்காவது முறை படத்தைப் பார்க்கவே மாட்டோம். புரிந்த மாதிரி வைத்துக்கொண்டு மேற்கொண்டு படிப்போம். "இந்த ஆவணம் ரொம்பக் கஷ்டம்" என்று மூடி வைத்துவிட்ட பலவற்றைப் பிறகு நான் திறந்து பார்த்திருக்கிறேன். விஷயம் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. படமும் விளக்கமும் ஒரே நேரத்தில் கண்ணில் படாததுதான் சிக்கலாக இருந்தது.

இது சோம்பல் அல்ல. படத்தில் பார்த்ததை நினைவில் தூக்கிக்கொண்டு உரைக்கு வர வேண்டும். உரையில் படித்ததைத் தூக்கிக்கொண்டு படத்துக்குப் போக வேண்டும். புரிந்துகொள்ளச் செலவாக வேண்டிய கவனம் இந்தச் சுமை தூக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவருடன் ஆய்வு செய்த தர்மிசியும் 1988-இல் வடிவியல் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். படமும் விளக்கமும் தனித்தனியாக இருந்தபோது, தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்பதால் பெரிய பலன் கிடைக்கவில்லை. விளக்கத்தைப் படத்துக்குள்ளேயே சேர்த்து எழுதியபோது பலன் தெரிந்தது. பிளவுபட்ட கவனம் என்று இதைச் சொல்கிறார்கள்.

அச்சுக்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. 1482-இல் வெனிஸில் எர்ஹார்ட் ராட்டோல்ட் யூக்ளிட்டின் வடிவியல் நூலை முதன்முதலாக அச்சிட்டபோது, ஒவ்வொரு படத்தையும் அதன் விளக்கத்துக்குப் பக்கத்திலேயே ஓரத்தில் வைத்தார். பிற்காலப் பொறியியல் நூல்கள் சிலவற்றில் இன்னும் அழகான ஏற்பாடு உண்டு. கடைசியில் பெரிய படத்தாளை மடித்து வைத்திருப்பார்கள். விரித்தால் படம் புத்தகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் படம் கண்முன்னேயே இருக்கும்.

நாம் திரையில் செய்ய வேண்டியதும் அந்த மடிப்புத்தாள் செய்த வேலைதான். படம் நின்ற இடத்தில் நிற்கட்டும், உரை நகரட்டும். இனி வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: படிக்கத் தொடங்கும் முன் படங்களை மட்டும் ஒரு சுற்று பாருங்கள்

ஆவணத்தைத் திறந்ததும் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். பக்கச் சிறுபடங்கள் தெரியும் பட்டையைத் திறந்து, படங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று வேகமாக ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் போதும். நீளமான ஆவணங்களில் பொருளடக்கத்துக்குப் பின்னால் படங்களின் பட்டியல் தனியாக இருக்கும். பலர் அதை இதுவரை ஒருமுறைகூடத் திறந்திருக்க மாட்டார்கள்.

எந்தப் படம் ஒரே ஒரு பத்தியில் பேசப்படுகிறது, எந்தப் படம் ஆவணம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சுற்று. இரண்டாவது வகையை நான் 'தாய்ப்படம்' என்று வைத்திருக்கிறேன். பெரும்பாலான ஆவணங்களில் இரண்டு மூன்று தாய்ப்படங்களுக்கு மேல் இருக்காது. கருவியின் முழு அமைப்பு, மொத்த இணைப்பு வரைபடம், செயல்முறை ஓட்டம் போன்றவை.

கண்டுபிடிக்க எளிய வழி, தேடல் பெட்டியில் படத்தின் எண்ணைப் போட்டு எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுவது. முழுச் சொல்லாகவும் சுருக்கமாகவும் இரண்டு முறை தேடுங்கள். பல ஆவணங்கள் வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒன்றும் நடுவில் இன்னொன்றும் எழுதும். படம் 3-ஐத் தேடினால் 30, 31 எல்லாமும் சேர்ந்து வரும், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

தாய்ப்படங்களுக்கு ஒரு புக்மார்க் போட்டு, பக்க எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு சின்னத் தொல்லை உண்டு. தாளில் அச்சான பக்க எண்ணும் கோப்பின் பக்க எண்ணும் பல நேரம் ஒத்துப்போகாது. முகப்பு, முன்னுரைப் பக்கங்கள் கோப்பில் கணக்கில் வரும், அச்சில் வராது. அச்சில் 212 என்று இருப்பது கோப்பில் 230 ஆக இருந்தால், வித்தியாசம் 18 என்று முதல் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள். அப்புறம் எங்கும் தடுமாற வேண்டாம்.

படி 2: போய்த் திரும்பும் வழியைக் கைக்குப் பழக்குங்கள்

ஒருமுறை மட்டும் பார்க்க வேண்டிய படத்துக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. உரையில் இருக்கும் படத்தின் எண்ணைச் சொடுக்கினால் படத்துக்குப் போகும். திரும்பி வரத்தான் பலர் ஸ்க்ரோல் செய்துகொண்டிருக்கிறார்கள். உலாவியில் பின்னால் போவது போலவே பிடிஎஃப் செயலிகளிலும் போகலாம். அக்ரோபாட் ரீடரில் ஆல்ட் விசையுடன் இடது அம்பு. ஓக்குலரில் அதோடு ஷிஃப்ட்டும் சேரும். மேக்கின் பிரிவியூவில் கமாண்ட் விசையுடன் இடது சதுர அடைப்புக்குறி. இந்த ஒரு விசையைப் பழகினாலே பாதித் தொல்லை குறையும். நீங்கள் விட்ட அதே இடத்தில், அதே ஜூமில் கொண்டுவந்து நிறுத்தும்.

சொடுக்கியதும் படம் தெரியாமல் அதன் கீழே உள்ள விளக்க வரி மட்டும் திரையின் உச்சியில் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆய்வுக் கட்டுரைகளை வடிவமைக்கப் பயன்படும் லேட்டெக் என்ற மென்பொருளில் தயாரித்த ஆவணங்களில் இது சகஜம். இணைப்பு படத்தின் தலையில் ஒட்டாமல் விளக்க வரியில் ஒட்டியிருக்கும். கொஞ்சம் மேலே தள்ளினால் படம் தெரிந்துவிடும்.

சில செயலிகளில் போகவே வேண்டாம். மேக்கில் ஸ்கிம், லினக்ஸில் எவின்ஸ் இரண்டிலும் இணைப்பின் மேல் மவுஸை வைத்தால், போய்ச் சேரும் இடம் சின்னப் பெட்டியாக அங்கேயே தெரியும். ஆய்வுக் கட்டுரைகளுக்காகவே எழுதப்பட்ட சியோயெக் என்ற செயலி இன்னும் ஒரு படி மேல். ஆவணத்தில் இணைப்பே இல்லாவிட்டாலும், படத்தின் எண்ணைப் பார்த்துத் தானே தேடிக் காட்ட முயலும்.

படி 3: ஒரே ஆவணம், இரண்டு விண்டோ

மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். ஒரே கோப்பை இரண்டு விண்டோவில் திறங்கள். ஒன்றில் உரை நகரும். இன்னொன்றில் தாய்ப்படம் நிற்கும்.

எப்படித் திறப்பது? அக்ரோபாட் ரீடரில் விண்டோ மெனுவுக்குள் 'நியூ விண்டோ' இருக்கிறது. வேர்டில் அது வியூ மெனுவில் இருக்கும். பக்கத்திலேயே 'ஸ்ப்ளிட்' என்றும் ஒன்று உண்டு, அது ஒரே விண்டோவை மேல் கீழாகப் பிரிக்கும். உலாவியில் படிப்பவர்கள் டேபை நகலெடுத்து வெளியே இழுத்துவிட்டால் முடிந்தது. இணைய முகவரியின் கடைசியில் ஹேஷ் குறியும், பக்கம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லும், சமக்குறியும், எண்ணும் சேர்த்தால் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் நேரே அந்தப் பக்கத்தில் திறக்கும். அந்த முகவரியை அப்படியே புக்மார்க் செய்துகொள்ளலாம்.

உங்கள் செயலி ஒரே கோப்பை இரண்டு முறை திறக்க மறுத்தால், கோப்பை நகலெடுத்துப் பெயரில் 'படம்' என்று சேர்த்துவிடுங்கள். எந்தக் கணினியிலும் இந்த வழி வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை: உரைக்கான அடிக்கோடு, குறிப்பு எல்லாம் மூலக் கோப்பிலேயே இருக்கட்டும். இரண்டிலும் எழுத ஆரம்பித்தால் ஒரு மாதம் கழித்து எந்தக் குறிப்பு எதில் என்று தெரியாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த, விண்டோஸில் விண்டோஸ் விசையுடன் இடது அல்லது வலது அம்பை அழுத்துங்கள். மேக்கில் பச்சைப் பொத்தானின் மேல் மவுஸை வைத்தால் தேர்வுகள் வரும். சரிபாதியாகப் பிரிப்பது பெரும்பாலும் சரிவராது. உரைக்கு அகலம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்; வரி திரைக்கு வெளியே போய்விட்டால் படிப்பே நின்றுவிடும். உரை விண்டோவில் பக்க ஓரங்களை வெட்டிக் காட்டும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், ஓக்குலரில் அது இருக்கிறது. அதே எழுத்து அளவு குறைந்த அகலத்தில் அடங்கிவிடும்.

பட விண்டோவில் நான் தவறாமல் செய்யும் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, தொடர் ஸ்க்ரோலை நிறுத்திவிட்டு ஒற்றைப் பக்கக் காட்சிக்கு மாற்றுவது. இல்லாவிட்டால் மவுஸ் தவறுதலாக அந்தப் பக்கம் போய்ச் சக்கரம் சுழன்றதும் படம் நழுவிவிடும். இன்னொன்று, படம் எப்போதும் ஒரே பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. எனக்கு வலப்பக்கம். ஒரு வாரம் பழகினால் "படம் எங்கே" என்று யோசிக்காமலே கண் அங்கே போய்விடும்.

இரண்டு விண்டோவால் கிடைக்கும் இன்னொரு லாபம், படுக்கை வாட்டில் அச்சான படங்களில் தெரியும். ஒரே விண்டோவாக இருந்தால் படத்தைத் திருப்பும்போது உரையும் சாய்ந்துவிடும். தனி விண்டோவில் படத்தை மட்டும் திருப்பிவிட்டு நிம்மதியாகப் படிக்கலாம்.

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லு) கையேட்டில்தான். எஸ்டிஎம்32எஃப்4 வரிசைக்கான குறிப்புக் கையேடு 1,700 பக்கங்களுக்கு மேல் இருக்கும். அதில் கடிகாரத் துடிப்பு எங்கிருந்து கிளம்பி எந்தெந்தப் பகுதிக்கு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று காட்டும் கிளைப்படம் ஒரே ஒரு பக்கம். டைமர் பற்றிய அத்தியாயம் அதிலிருந்து பல நூறு பக்கம் தள்ளி வருகிறது. நான் டைமர் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு நிரல் எழுதினேன், வேகம் சரியாக இரண்டு மடங்காக வந்தது. கிளைப்படத்தைத் திறந்து பார்த்தால், பஸ் எனப்படும் உள்தரவுப் பாதையின் துடிப்பைக் குறைக்கும் வகுப்பான் 1 ஆக இல்லாதபோது டைமருக்கு இரட்டிப்புத் துடிப்பு போகும் என்று ஒரு சின்னப் பெட்டிக்குள் எழுதியிருந்தது. படம் பக்கத்தில் திறந்திருந்தால் அது முதல் நாளே கண்ணில் பட்டிருக்கும். அன்றிலிருந்து அந்த ஒரு பக்கம் நிரந்தரமாக இரண்டாவது விண்டோவில் இருக்கிறது.

ஒரு தாய்ப்படம் போதாது, பகுதிக்குப் பகுதி படம் மாறுகிறது என்றால் முன்பு சொன்ன சியோயெக்கில் 'போர்ட்டல்' என்ற வசதியைப் பாருங்கள். உரையின் இந்த இடத்துக்கு அந்தப் படம் என்று ஒருமுறை முடிச்சுப் போட்டுவிட்டால், நீங்கள் உரையை நகர்த்த நகர்த்த இரண்டாவது விண்டோவில் பக்கத்து முடிச்சுக்குரிய படம் தானாக மாறிக்கொண்டே வரும். முடிச்சுப் போட நேரம் எடுக்கும். அடிக்கடி திறக்கப்போகும் ஆவணம் என்றால் அந்த உழைப்பு வீண்போகாது.

படி 4: படத்தைக் கிள்ளி எடுத்துத் திரையில் ஒட்டுங்கள்

மடிக்கணினித் திரையில் இரண்டு விண்டோ நெருக்கடியாக இருக்கலாம். அப்போது படத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உரையின் ஓரத்தில் மிதக்கவிடலாம். ஸ்னிப்பேஸ்ட் என்ற செயலியில் எஃப்1 அழுத்திப் பகுதியைத் தேர்ந்து எடுத்து, எஃப்3 அழுத்தினால் அது எல்லா விண்டோவுக்கும் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். லினக்ஸில் ஃபிளேம்ஷாட்டில் குண்டூசிப் படம் போட்ட பொத்தான் இதே வேலையைச் செய்யும். வேறு ஏதாவது விண்டோவையே மேலே நிறுத்த வேண்டும் என்றால், மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற துணைச் செயலி இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், டி (T) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

எடுக்கும் முன் படத்தை வேண்டிய அளவுக்கு ஜூம் செய்துவிட்டு எடுங்கள். ஸ்கிரீன்ஷாட் வெறும் புள்ளிகள்தான், பிறகு பெரிதாக்கினால் மங்கும். படத்தின் கீழே உள்ள விளக்க வரியையும், அச்சுகளில் உள்ள அலகுகளையும் விடாமல் சேர்த்து எடுங்கள். "25 டிகிரி வெப்பநிலையில் அளந்தது" போன்ற நிபந்தனை எல்லாம் அந்த வரியில்தான் இருக்கும். அதை வெட்டிவிட்டு வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு தவறான முடிவுக்கு வருவது மிகச் சுலபம்.

படி 5: படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்

400 சதவீதத்துக்கு ஜூம் செய்யுங்கள். கோடுகளும் எழுத்தும் கூர்மையாகவே இருந்தால் அது கோடுகளாகச் சேமிக்கப்பட்ட படம். எவ்வளவு பெரிதாக்கினாலும் கவலையில்லை. மங்கினால் புள்ளிகளாலான படம். அதைப் பெரிதாக்குவதில் ஒரு எல்லைக்கு மேல் பலனில்லை, வெளியிட்டவர்களின் தளத்தில் பெரிய அளவில் தனியாகக் கிடைக்கிறதா என்று தேடுவதுதான் வழி.

இருண்ட நிறத் தோற்றத்தில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில செயலிகள் பக்கத்தின் எல்லா நிறங்களையும் தலைகீழாக்கியே இருட்டைக் கொண்டுவருகின்றன. சிவப்புக் கோடு நீலப்பச்சையாகிவிடும். உரையோ "சிவப்புக் கோட்டைக் கவனியுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரே, நுண்ணோக்கிப் படம் போன்றவற்றில் வெளிச்சமும் நிழலும் மாறிவிடுவது இன்னும் மோசம். உரை விண்டோ இருட்டாக இருக்கட்டும், பட விண்டோவில் அந்தத் தோற்றத்தை அணைத்துவிடுங்கள்.

படி 6: உங்களுக்கென்று ஒரு படத்தொகுப்பு

ஒரு ஆவணத்தோடு மாதக்கணக்கில் வாழப்போகிறீர்கள் என்றால் இது தேவை. அச்சிடும் கட்டளையைக் கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதில் பிடிஎஃப் என்று தேர்ந்து, பக்க எண்கள் கேட்கும் இடத்தில் 14, 37, 52-53 என்று படப் பக்கங்களை மட்டும் கொடுங்கள். நான்கைந்து பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்பு கிடைக்கும். டேப்லெட்டிலோ பழைய கைபேசியிலோ அதைத் திறந்து மானிட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தால், கணினித் திரை முழுவதும் உரைக்குக் கிடைக்கும். ஒரே ஒரு தாய்ப்படம்தான் என்றால் பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். திரையில் படிப்பவர் தாளைத் தொடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்புறம், அந்தத் தொகுப்பில் எழுதுங்கள். நான் இதை வற்புறுத்திச் சொல்வேன். படத்தில் 1 முதல் 14 வரை எண்கள் மட்டும் இருக்கும், எந்த எண் எதைக் குறிக்கிறது என்று உரையில் எங்கோ சொல்லியிருப்பார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அந்தப் பாகத்தின் பெயரையும், அதைப் பற்றி உரை பேசும் பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள். ஸ்வெல்லரின் சோதனையில் பலன் தந்தது இந்த வேலைதான், விளக்கத்தைப் படத்துக்குள் கொண்டுவருவது. அமெரிக்கக் காப்புரிமை ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு இது உயிர்நாடி. அங்கே வரைபடங்கள் எல்லாம் முன்னால் மொத்தமாக வந்துவிடும், அவற்றில் எண்கள் மட்டும்தான் இருக்கும், விளக்கம் பின்னால் பக்கம் பக்கமாக ஓடும். பெயர்களை எழுதி முடிக்கும்போது கருவியின் அமைப்பு பெரும்பாலும் புரிந்தே போயிருக்கும்.

வலைப்பக்கமாகக் கிடைத்தால்

பிடிஎஃப் மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்சைவ் தளம் 2023 டிசம்பரிலிருந்து பல புதிய கட்டுரைகளை வலைப்பக்க வடிவிலும் தருகிறது. அதில் படத்தின் மேல் வலது சொடுக்கு கொடுத்துப் புதிய டேபில் திறந்து, அந்த டேபை வெளியே இழுத்து நிறுத்தினால் மூன்றாம் படி நொடியில் முடிந்துவிடும். ஈலைஃப் என்ற அறிவியல் இதழ் 2013-இல் லென்ஸ் என்றொரு வாசிப்பு முறையைக் கொண்டுவந்தது. இடப்புறம் உரை, வலப்புறம் படங்கள், இரண்டும் தனித்தனியே நகரும். எல்லா இதழ்களும் இப்படித் தந்தால் இந்த வழிகாட்டியே தேவைப்படாது.

கைபேசியில் மட்டும் படிப்பவர்களுக்கு, திரையை மேல் கீழாகப் பிரித்து மேலே படம் கீழே உரை என்று வைப்பது ஓரளவுக்கு உதவும். அதற்கும் ஆறாம் படியின் குட்டிக் கோப்பு வேண்டும்.

நீங்கள் ஆவணம் எழுதுபவராக இருந்தால்

வாசகர் படும் இந்தப் பாட்டில் பெரும்பகுதியை எழுதுபவர் ஒரு மணி நேரத்தில் போக்கிவிடலாம். லேட்டெக்கில் படங்கள் இடம் பார்த்து மிதந்து எங்கோ போய் உட்காரும். முடித்ததும் ஒவ்வொரு படமும் முதலில் பேசப்படும் இடத்திலிருந்து எத்தனை பக்கம் தள்ளிப் போயிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். படத்துக்கான இணைப்பு விளக்க வரியில் போய் நிற்கும் தொல்லைக்கு ஹைப்கேப் என்ற தொகுப்பு இருக்கிறது, அதைச் சேர்த்தால் இணைப்பு படத்தின் தலைக்குப் போகும். பாகங்களுக்கு எண் போடுவதற்குப் பதில், இடமிருந்தால் பெயரையே படத்தில் எழுதுங்கள். விளக்க வரியின் முடிவில், இந்தப் படம் எந்தப் பக்கங்களில் பேசப்படுகிறது என்று இணைப்போடு ஒரு சிறு குறிப்பு கொடுங்கள். படத்துக்குப் போனவர் திரும்பி வர அது வழிகாட்டும்.

தாய்ப்படத்தை மறுபடியும் போடத் தயங்காதீர்கள். அச்சில் ஒவ்வொரு பக்கத்துக்கும் காசு ஆனது, அதனால் ஒரு படம் ஒருமுறைதான் என்று வழக்கம் வந்தது. திரையில் அந்தச் செலவு இல்லை. ஐந்தாம் அத்தியாயம் இரண்டாம் அத்தியாயத்தின் படத்தைப் பற்றிப் பேசுகிறதா? அந்தப் படத்தையே, பேசப்படும் பகுதியை மட்டும் அழுத்தமான நிறத்தில் காட்டி மற்றதை மங்கலாக்கி, ஐந்தாம் அத்தியாயத்திலும் வைத்துவிடுங்கள்.